கண்ணாடி போதும் என்று சொன்னேன்

நான் டிரைலர் ஓட்டியது மொத்தம் நாலு வருஷம். அதற்கு முன்னால் சாதா லாரி, அதற்குப் பிறகும் சாதா லாரி. வண்டி ஓட்டின காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்வேன், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து மூன்று நாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடந்த கதையைச் சொல்வேன். டிரைலர் கதையைச் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் மிஞ்சாது.

அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. மூத்த மகன் என்பதால் கடை எனக்குத்தான் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எனக்கோ பொட்டலம் மடிக்க வராது. சீனியை மடித்தால் ஓரத்தில் ஒழுகும். வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அப்பா சிரிப்பார். "இவன் கையில குடுத்தா எறும்புக்குத்தான் யாவாரம்" என்பார். எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் லாரிக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வயதில் அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் ஒரு நூல் மில்லில் டிரைவராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மில் முதலாளி தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பழைய டிரைலர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். முன்னால் இன்ஜின் வண்டி தனி, பின்னால் நீளமான சட்டம் தனி, நடுவில் ஒரு கொக்கி. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வண்டியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ரோட்டோரம் ஆடு மேய்க்கிறவர்கள் கம்பை ஊன்றி நின்று அது முழுசாகக் கடந்து போகும்வரை பார்ப்பார்கள்.

முன்னால் ஓட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பின்னால் எடுப்பதில்தான் உயிர் போகும். சாதா லாரியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் பின்பக்கமும் போகும். டிரைலர் நேர்மாறு. ஸ்டேரிங்கை இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் போகும். கொஞ்சம் கூடிப்போனால் கொக்கியில் மடங்கி, அடிபட்ட பாம்பு மாதிரி குறுக்கே நிற்கும். அப்புறம் மறுபடி முன்னால் எடுத்து, நேராக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மில்லின் குடோனை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் மேடை. மேடையின் இரண்டு முனையிலிருந்தும் சுவர் நீண்டு வந்து நடுவில் ஒரு சந்து மாதிரி இருக்கும். டிரைலரின் வால் அந்தச் சந்துக்குள் நேராக நுழைந்து மேடையைத் தொட்டு நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் பஞ்சு பேல்களைத் தூக்காமல் உருட்டியே குடோனுக்குள் தள்ள முடியும். இரண்டு பக்கமும் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூடக் கிடையாது. வண்டிக்கு அப்போது வலது பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி, உள்ளங்கை அளவு. இடது பக்கம் எனக்கு முழு இருட்டு.

அந்த இருட்டுக்காக ஒரு ஆள் இருந்தார். மேடைமேல் நின்று சத்தம் கொடுத்து வண்டியை உள்ளே வாங்குவது அவர் வேலை. பரளச்சி கிராமத்தைச் சேர்ந்தவர், மில்லில் பரளச்சிக்காரர் என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிறிஸ்தவ வேதக்காரர், ஊர்க் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் என்று சொல்வார்கள். அதற்கு ஏற்ற தொண்டை. மில்லுக்குள் மிஷின் ஓடுகிற இரைச்சலைத் தாண்டி, இன்ஜின் சத்தத்தையும் தாண்டி, அவர் குரல் என் காதில் வந்து விழும். "வா... வா... எடப்பக்கம் ஒடி... இன்னுங் கொஞ்சம்... நேராக்கு... வா... நில்லு!"

வண்டியை மட்டும் அவர் பார்ப்பதில்லை. சந்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பார். பேல் உருட்டுகிற லோடுமேன்கள், கீழே சிந்தின பஞ்சைக் கூட்டி அள்ளுகிற பெண்கள், தண்ணீர் கொண்டுவருகிற ஆள், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்புவார். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் எனக்கு முதல் "வா" வரும். அதனால் தாமதமாகிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் வாலைச் சுவரில் உரசிவிட்டேன். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. முன்னால் எடுத்து மறுபடி வந்தேன், அந்தப் பக்கச் சுவரில் உரசியது. மூன்றாவது தடவையும் கோணிக்கொண்டு நின்றது. பரளச்சிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏ தம்பி, இது ஒங்க அப்பா கடைத் தராசு இல்ல. ரெண்டு பக்கமும் ஆடவிட்டு நடுவுல நிறுத்துறதுக்கு."

மேடையில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். பஞ்சு கூட்டுகிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உடனே மறந்துவிட்டு, நாலாவது தடவை என்னைச் சரியாக உள்ளே வாங்கினார். ஆனால் அன்றிலிருந்து லோடுமேன்கள் எனக்குத் 'தராசு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏலே, தராசு வந்துருச்சு, வாங்கடா" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பேர் ஓடியது.

இவர் குரல் இல்லாமல் ஒருநாள் வண்டியை உள்ளே விட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்தது.

மதுரைக்கு லோடு போனபோது பழைய சாமான் விற்கிற கடைகளில் அலைந்து பெரிய கண்ணாடி இரண்டு வாங்கினேன். நீளமான கம்பி வைத்து, டிரைலரின் அகலத்தையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் மாட்டினேன். அந்த வருஷம் மழை இல்லை. ரோட்டை ஒட்டின கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதியம் லோடு இல்லாத நேரத்தில் வண்டியைக் கண்மாய்க்குள் இறக்குவேன். காய்ந்த பனைமட்டைகளை இரண்டு வரிசையாக நட்டு, மேடைச் சந்தின் அளவுக்கு ஒரு சந்து உண்டாக்கினேன். அதற்குள் பின்னால் எடுத்துப் பழகினேன். முதல் வாரம் மட்டை எல்லாம் நொறுங்கியது. கண்மாய்க்குள் மாட்டை விட்டுவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் சூட்சுமம் பிடிபட்டது. வால் எங்கே போகிறது என்று யோசிக்கவே கூடாது. இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் டிரைலரின் உடம்பு ஒரே அளவு தெரிந்தால் நேராகப் போகிறது என்று அர்த்தம். எந்தக் கண்ணாடியில் உடம்பு கூடுதலாகத் தெரிய ஆரம்பிக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டேரிங்கைத் துளி திருப்ப வேண்டும். நேரானதும் விட்டுவிட வேண்டும். வளைந்த பிறகு திருத்தக் கூடாது, வளையப் போகிறபோதே திருத்த வேண்டும். மாவாட்டுகிற வேகத்தில் போக வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அது பிடிபட்ட அன்றைக்கு, கண்மாய் நடுவில் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு மட்டைகூடச் சாயாமல் நிற்கிற இரண்டு வரிசையையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கற்றுக்கொண்ட ஒரே காரியம் அது. இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

காட்ட வேண்டிய நாளுக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் காலை மானேஜர் குடோன் பக்கம் வந்து நின்றிருந்தார். நான் விருதுநகர் ரயில் ஸ்டேஷனிலிருந்து பேல் ஏற்றி வந்திருந்தேன். பரளச்சிக்காரர் மேடையில் வந்து நின்று எல்லோரையும் விலக்கினார். கையைத் தூக்கினார். நான் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, நீங்க சத்தம் குடுக்க வேண்டாம். சும்மா நின்னு பாருங்க" என்றேன்.

"என்னப்பா?"

"சும்மா இருங்கண்ணே."

அவர் கையை இறக்கினார். நான் இரண்டு கண்ணாடியையும் பார்த்தேன். பின்னால் எடுத்தேன். ஒரு தடவைகூட முன்னால் எடுக்கவில்லை. மேடையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய டயரை வால் மெதுவாகத் தொட்டது. லோடுமேன்கள் கை தட்டினார்கள். பரளச்சிக்காரரும் தட்டினார். அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். "பரவால்லையே, தராசு முள்ளு நேரா நிக்கிது!" என்று கத்தினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மானேஜர் வண்டியைச் சுற்றி நடந்து வந்தார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். என் கதவுக்குக் கீழே நின்று கேட்டார்.

"அப்ப பின்னால ஆள் தேவையில்லன்னு சொல்லு."

அந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "இன்னைக்குச் சரியா வந்துருச்சு சார், தெனமும் வரும்னு சொல்ல முடியாது" என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் சிரித்திருக்கலாம். நான் சொன்னது, "தேவையில்ல சார். கண்ணாடி போதும்."

அந்தச் சனிக்கிழமையோடு பரளச்சிக்காரரை நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை மதியம் மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வண்டியிலிருந்து இறங்காமலே இருந்தேன்.

"தம்பி, நீ சொன்னியாம்ல, ஆளு வேண்டாம்னு."

"அவுக கேட்டாக. நான் சொன்னேன்."

"சரி. கேட்டாச் சொல்லத்தான் செய்யணும்." வண்டிக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் வந்தார். "எனக்கு ஒரு ஒத்தாச செய்யி. மானேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லு. வண்டிய நேரா விடுறதுக்கு ஆளு வேண்டாம், சரி. ஆளுகள வெலக்குறதுக்கு ஒருத்தன் வேணும்ல? அதச் சொல்லு. நீ சொன்னா எடுபடும். ஊர்ல இந்த வருசமும் வெதப்பு போச்சு. வீட்டுல அஞ்சு பேரு."

"சொல்றேண்ணே" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் மானேஜர் அறைக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் மானேஜரே எதிரில் வந்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார், நன்றாக ஓடுகிறது என்றேன். இப்படியே தள்ளிப்போனது. பயம் என்று சொல்ல முடியாது. மேடையில் யாரும் சத்தம் போடாமல், எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க, வண்டி தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. தராசு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அடுத்த வருஷமும் மழை இல்லை. பரளச்சிப் பக்கமெல்லாம் கொத்தமல்லியும் பருத்தியும் போட்ட கரிசல் வெறும் கட்டாந்தரையாகக் கிடந்தது. சர்க்கார் ரோடு போடுகிற வேலை கொடுத்தது. ஒருநாள் நான் அந்த வழியாகக் காலி வண்டியோடு வருகிறபோது, ரோட்டோரத்தில் கல் உடைக்கிற கூட்டத்தில் பரளச்சிக்காரரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். வேலை முடிந்து கிளம்புகிற நேரம். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று நினைத்தேன், ஆனால் அத்தனை நீள வண்டியை ஒளித்துக்கொண்டு போக முடியாது. நிறுத்தினேன்.

இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மா கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "மகராசனா இருக்கணும் தம்பி" என்றார். கையெல்லாம் கல் தூள். பரளச்சிக்காரர் நடுவில் உட்கார்ந்து இடது பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து வலது பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியிதே" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனா நேர் பின்னால தெரியலையே தம்பி. வாலுக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸே நின்னாலும் ரெண்டுலயும் தெரியாது போலயே."

"எறங்கிப் பாத்துட்டுத்தாண்ணே எடுப்பேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

ஆரம்பத்தில் இறங்கிப் பார்த்தேன், உண்மைதான். அந்தப் பழக்கத்தை விட்டு அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

"மானேஜர்ட்டச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேண்ணே. பாப்போம்னாக."

அவர் கண்ணாடியை விட்டுவிட்டு முன்னால் ரோட்டைப் பார்த்தார். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா இறங்கும்போது மறுபடியும் ஒரு தடவை என்னை வாழ்த்தினார்.

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். விருதுநகரிலிருந்து பேலோடு வந்து சேர்ந்தேன். பக்கத்து ஊர் நடைக்குக் கிளீனர் அனுப்புவதில்லை, வண்டியில் நான் மட்டும்தான். மேடையில் யாரும் இல்லை. லோடுமேன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் வண்டியைப் போட்டு வைத்துவிட்டால் நானும் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டு கண்ணாடியிலும் சுவர் தெரிந்தது, டிரைலரின் உடம்பு சமமாகத் தெரிந்தது. இறங்கவில்லை. ஹாரன் அடித்தேனா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். அடிக்கவில்லை.

வண்டி நேராகப் போனது. அத்தனை நேராக நான் எடுத்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வால் டயரைத் தொடுகிற இடத்துக்கு வந்தபோது ஒரு அலறல் கேட்டது. மிஷின் சத்தத்தில் அது மனுஷக் குரல் என்று புரிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியும் வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் எடுத்துவிட்டு இறங்கி ஓடினேன். பஞ்சு கூட்டுகிற பெண்களில் ஒருவர். மற்றவர்கள் சாப்பிடப் போனபோது இவர் மட்டும் குனிந்து சந்துக்குள் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டியைக் கடைசியில்தான் பார்த்திருக்கிறார். பக்கவாட்டில் ஒதுங்க இடம் கிடையாது. மேடைமேல் ஏறித் தப்பிக்கப் பார்த்திருக்கிறார். உடம்பு ஏறிவிட்டது. பிடிமானத்துக்கு ஊன்றின வலது கை மட்டும் மேடை விளிம்பில் மாட்டிக்கொண்டது. டயர் இல்லாத இடம். அங்கே கருங்கல்லும் இரும்பும்தான்.

அவரை நானும் இன்னும் இரண்டு பேரும் மில் ஜீப்பில் ஏற்றினோம். அவர் மடியில் அள்ளி வைத்திருந்த பஞ்சு அவிழ்ந்து காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டார். முதலாளியும் இருந்தார்.

"பின்னால ஆள் இல்லாம ஏன் எடுத்த?" என்று கேட்டார் மானேஜர்.

"ஆள்தான் சார் இல்லியே. நிறுத்திட்டீங்களே."

"யாரு கேட்டு நிறுத்துனோம்? கண்ணாடி போதும்னு சொன்னது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். "நீயா சொன்ன?"

"ஆமா முதலாளி."

என் கவனக்குறைவு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கேஸ் என் பேரில் வந்தது, அபராதத்தோடு முடிந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. டிரைலர் ஓட்ட வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். மேடைக்குப் புதிதாக ஒரு ஆள் போட்டார்கள். மானேஜருக்கு உறவு. கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். வண்டி உள்ளே வந்து நின்ற பிறகு எழுந்து வந்து ஊதுவார்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் பரளச்சிக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில். கோயில் முடிந்து வந்து, வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"அண்ணே, மேடைக்கு மறுபடி ஆளு போட்டுருக்காங்க. சரியில்லாத ஆளு. நீங்க வந்து கேட்டாக் கெடைக்கும். நானும் சொல்றேன்."

"இப்பச் சொல்றியா?"

கேட்டுவிட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கி வண்டியில வச்சு, சொன்னேன்னு சொன்னியே. நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மொத வாரந்தான் நானே போயி மானேஜரப் பாத்தேன். 'அந்த டிரைவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே'ன்னாரு. ஏறும்போதே எனக்குத் தெரியும். சரி, எம் பொண்டாட்டி நடக்க மாட்டாம இருந்தா, அதனால ஏறுனேன்."

வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லு" என்றார். "கை போன பொம்பள பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதினபோது பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் வாயில் வரவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பெண் கூட்டின தரையில்தான் நான் தினமும் வண்டியை விட்டிருக்கிறேன். அவர் எந்த ஊர், என்ன பேர், எதுவும் கேட்டதில்லை.

பரளச்சிக்காரரே பேரைச் சொன்னார். பாளையம்பட்டியில் எந்தத் தெரு என்று சொன்னார். புருஷன் தறிகாரர், இருமல் சீக்கு, இரண்டு பெண் பிள்ளைகள், சாயந்தரம் மில்லிலிருந்து போய் வீட்டில் தறிக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர் என்று எல்லாம் சொன்னார். என் சொந்தத் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி.

"போயிப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"போயிப் பாரு. இங்க எதுக்கு வந்த?"

அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. நான் பஸ்ஸுக்கு நின்ற நேரம் முழுக்க அவர் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

போவதற்கு எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. வீட்டில் அந்தப் பெண்ணும் மூத்த மகளும்தான் இருந்தார்கள். மகள் ராட்டை சுற்ற, அவர் இடது கையால் நூலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கைப் பக்கம் சேலை மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"வாங்க" என்றார். மகளிடம் பாயை எடுத்துப் போடச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "வலி இருக்காக்கா?" என்றேன்.

"இல்லாத வெரலுல வலிக்கிது. அதான் என்னன்னு புரியல." சொல்லிவிட்டு, "ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் பரளச்சி அண்ணன் வந்து பாத்துட்டுப் போனாக. ரெண்டு தரம் வந்தாக. 'டிரைவரு மேல வருத்தம் வைக்காத தாயி, அவன் என்ன செய்வான், அவனுக்குப் பின்னால தெரியாது, ஆள நிப்பாட்டுனது மில்லுக்காரக'ன்னு சொன்னாக. அந்த அண்ணன் நின்னிருந்தா என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டு வெளிய அனுப்பியிருப்பாக. அவுகள நிப்பாட்டுன பாவி எவனோ, அவன் குடும்பம் வெளங்குமா?"

மகள் ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க, வெளங்குமா?" என்று மறுபடியும் கேட்டார்.

"வெளங்காதுக்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு எழுந்து வந்துவிட்டேன். பரளச்சிக்காரர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றவா? இருக்காது, என்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம் இருக்க நியாயமில்லை. அந்தப் பெண்ணுக்கு என்னைப் போல ஒரு உள்ளூர்க்காரனை வெறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிற கஷ்டம் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கேட்கலாம் என்று நினைத்தபோது அவர் ஊரில் இல்லை. குடும்பத்தோடு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் மில் வேலையை விட்டேன். விருதுநகரில் ஒரு லாரி ஆபீசில் சாதா லாரிக்குப் போனேன். பின்னால் எடுக்கிறபோதெல்லாம் இறங்கிப் பார்த்தேன். கூட இருந்த டிரைவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ள அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

அந்தப் பெண் பிற்பாடும் பாளையம்பட்டியில்தான் இருந்தார். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தார், புருஷன் போய்ச் சேர்ந்தார், சின்ன மகளோடு ராட்டை சுற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினார். டவுன் பஸ் நிற்கிற இடத்தில் எப்போதாவது எதிரே வருவார். நான் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்ப்பேன். அவர் விடமாட்டார். இடது கையைத் தூக்கி, "தம்பி, சவுக்கியமா? வண்டி நல்லா ஓடுதா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்.

"ஓடுதுக்கா" என்பேன்.